பத்து சென்ட் சமத்துவம்

பழைய போட்டோக்களைப் பார்த்து உருகுவது இப்போது ஒரு பெரிய பொழப்பாகிவிட்டது. அமெரிக்கத் தெருமுனைகளில் 1930களிலும் 40களிலும் இருந்த பத்திரிகைக் கடைகளின் போட்டோக்கள் அதில் ஒரு வகை. மரச்சட்டம் அடித்த சின்னக் கடை. கயிறு கட்டி, க்ளிப் மாட்டி, வரிசை வரிசையாகத் தொங்கும் காமிக்ஸ் புத்தகங்கள். தொப்பி வைத்த கடைக்காரர். நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, காசு கொடுக்காமலே ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடிக்கப் பார்க்கும் பையன். பார்த்தவுடன் மனசு இளகத்தான் செய்யும்.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் தன் செல்போனில் இப்படி நூறு படம் சேர்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "பத்து சென்ட் இருந்தா எவன் வேணா வாங்கலாம்ணே. நெறம் கெடையாது, ஏழை பணக்காரன் கெடையாது. இதைவிட சமத்துவம் எங்கண்ணே இருக்கு?"

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவருடைய சொந்தச் சொல் இல்லை. சேகரிப்பாளர்களும் ஏலக் கம்பெனிகளும் 'காமிக்ஸின் பொற்காலம்' என்று பெயர் வைத்துப் புழக்கத்தில் விட்ட சொல். 1938இல் பத்து சென்ட்டுக்குக் கடையில் கிடைத்த 'ஆக்சன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த இதழில் சூப்பர்மேனைப் பெற்றுப் போட்ட ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு யூத இளைஞர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். பாத்திரத்தின் உரிமையும் அதோடு கைவிட்டுப் போனது. பொற்காலம் என்றால் பொன் யார் மடியில் என்று கேட்காமல் இருக்க முடியுமா? தமிழ் எம்.ஏ. வகுப்பில் எனக்கும் ஒரு பொற்காலம் பாடமாக நடத்தப்பட்டது. அந்தப் பொற்காலத்தில் பறையடித்தவன் எங்கே குடியிருந்தான், என்ன தின்றான் என்று எந்தப் பரீட்சையிலும் கேள்வி வரவில்லை.

ஆகவே அந்தக் கேள்விகளை நாம்தான் கேட்டாக வேண்டும். இந்தப் படங்களை எடுத்தவர்கள் கூடவே வேறு எதையெல்லாம் எடுத்தார்கள்? தொங்கும் அட்டையில் நம்மைப் போன்றவன் என்னவாக இருக்கிறான்? எதைத் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தவன் யார்? தொங்காமல் போனது எது?

1

சுற்றில் இருக்கும் படங்களில் நிறைய, அமெரிக்க அரசாங்கத்தின் சம்பளத்தில் எடுக்கப்பட்டவை. பொருளாதார நெருக்கடியில் கிராமங்கள் செத்துக்கொண்டிருந்த 1935இல், ராய் ஸ்டிரைக்கர் என்பவரின் தலைமையில் ஒரு போட்டோப் பிரிவு தொடங்கப்பட்டது. பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற துறையின் பெயரில் பிற்பாடு அறியப்பட்டது. டோரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ரஸ்ஸல் லீ, மரியன் போஸ்ட் உல்காட், ஜாக் டெலானோ, ஜான் வச்சோன் என்று பலர் நாடெங்கும் அலைந்து எடுத்தார்கள். சுமார் ஒன்றே முக்கால் லட்சம் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

பார்த்தால் என்ன தெரிகிறது? கடைத்தெருவை எடுத்த அதே ரஸ்ஸல் லீ, 1939 ஜூலையில் ஓக்லஹோமா நகரத் தெருவண்டி நிலையத்தில் ஒரு கறுப்பு இளைஞர் தண்ணீர் குடிப்பதை எடுத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே 'நிறத்தவருக்கு' என்ற பலகை. அதே வருஷம் அக்டோபரில் மிசிசிப்பி மாநிலம் பெல்சோனியில், சினிமாக் கொட்டகையின் பக்கவாட்டுப் படிக்கட்டில் தனியே ஏறிப்போகும் கறுப்பு மனிதரை மரியன் போஸ்ட் உல்காட் எடுத்திருக்கிறார். 1940 மே மாதம் டர்ஹாம் நகர பஸ் நிலையத்தின் தனிக் காத்திருப்பு அறைப் பலகையை ஜாக் டெலானோ எடுத்திருக்கிறார். 1942இல் இந்தப் பிரிவில் சேர்ந்த கறுப்புக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், அந்த அலுவலகத்தையே கூட்டித் துடைத்த எல்லா வாட்சன் என்ற அம்மாவை, கையில் துடைப்பத்தோடு, பின்னால் அமெரிக்கக் கொடி தொங்க நிறுத்தி எடுத்தார்.

எல்லாம் ஒரே அலமாரியில்தான் கிடக்கின்றன. எடுத்தவர்கள் மறைக்கவில்லை. இன்று வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் மறைக்கிறார்கள். காமிக்ஸ் தொங்கும் படத்தை மட்டும் உருவிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் படத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு வருகிறவனுக்குப் பொற்காலம் கிடைக்காமல் என்ன செய்யும்?

ஜான் வச்சோன் 1938 நவம்பரில் ஒமாகா நகரத்தைச் சுற்றி எடுத்த படங்களில் பத்திரிகைக் கடையும் உண்டு. அதே ஒமாகாவில் 19 வருஷத்துக்கு முன்னால் எடுத்த இன்னொரு போட்டோ இருக்கிறது. 1919 செப்டம்பர் 28 அன்று ஆயிரக்கணக்கான வெள்ளையர் திரண்டு நீதிமன்றக் கட்டடத்துக்கே தீ வைத்து, வில் பிரவுன் என்ற கறுப்புத் தொழிலாளியை இழுத்துவந்து, தூக்கிலேற்றி, சுட்டு, எரித்தார்கள். எரியும் உடலுக்குப் பின்னால் தொப்பியும் டையுமாய் ஒரு கூட்டம் கேமராவைப் பார்த்து நிற்கிறது. சில முகங்களில் சிரிப்பு. இப்படிப்பட்ட கொலைப் போட்டோக்களைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்கிற வழக்கமே அந்த நாட்டில் இருந்தது. தபாலில் அனுப்பக் கூடாது என்று 1908இல் தடை போடுகிற அளவுக்கு இருந்தது. அமெரிக்கக் கடைத்தெருவில் எந்தெந்தப் படம் விலைபோயிற்று என்ற வரலாற்றை எழுதினால் காமிக்ஸுக்கு முன்பே இந்த அட்டைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, கறுப்புக் குழந்தைகள் காமிக்ஸ் வாங்கவில்லையா? வாங்கினார்கள். பத்து சென்ட்டுக்கு நிறம் இல்லை என்பது அந்த அளவில் உண்மை. தெருமுனையில் மட்டுமில்லை, மருந்துக் கடைகளிலும் மலிவுச் சாமான் கடைகளிலும்கூட காமிக்ஸ் விற்றது. அந்தக் கடைகள் பலவற்றில் சோடாவும் காபியும் விற்கிற மேடை இருக்கும். தென்மாநிலங்களில் அதில் கறுப்பர் உட்கார முடியாது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்போரோ ஊல்வொர்த் கடையில் நான்கு கறுப்பு மாணவர்கள் முதலில் பற்பசை, நோட்டு மாதிரிச் சாமான்களை வாங்கினார்கள். கல்லாவில் காசை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் காபி மேடையில் போய் உட்கார்ந்து கேட்டால், இல்லை என்றார்கள். உன் காசு உள்ளே வரலாம், நீ உட்காரக் கூடாது. ரெட்டை டம்ளர் டீக்கடையில் நின்று குடித்த நம்ம சனத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைக்காரனும் காசை ஒரே டப்பாவில்தான் போட்டான்.

2

அட்டைக்கு வருவோம். 1941இல் 'யங் அலைஸ்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. வெள்ளைப் பையன்களின் கும்பலில் ஒரே ஒரு கறுப்புப் பையன். அவனுக்கு வைத்த பெயர் ஒயிட்வாஷ் ஜோன்ஸ். 'வெள்ளையடித்த ஜோன்ஸ்' என்று நாம் சொல்லலாம். கொழுத்த உதடு, பிதுங்கும் கண், எதற்கெடுத்தாலும் பயம், தர்ப்பூசணி ஆசை. சூப்பர்மேனோடு விற்பனையில் போட்டி போட்ட கேப்டன் மார்வல் கதைகளில் ஸ்டீம்போட் என்று ஒரு வேலைக்காரன், அதே உதடு, அதே கண். 'ஜங்கிள் காமிக்ஸ்' போன்ற காட்டுக் கதைகளில் ஆப்பிரிக்கா முழுக்க வெள்ளை அரசனும் வெள்ளை அரசியும் ஆள, கறுப்பர்கள் ஈட்டியோடு அட்டையின் ஓரத்தில் கூட்டமாய் விழுந்து கிடப்பார்கள்.

இது நம் வீட்டுக்கும் வந்த சரக்கு. லீ ஃபாக் 1934இல் படைத்த மாண்ட்ரேக்கையும் 1936இல் படைத்த முகமூடி வேதாளனையும் தமிழில் படிக்காத காமிக்ஸ் பிள்ளைகள் உண்டா? மந்திரவாதிக்குக் கோட்டும் தொப்பியும். அவனோடு வரும் லொதார் ஆப்பிரிக்க இளவரசன், உலகத்திலேயே பலசாலி. ஆனால் ஆரம்பக் கதைகளில் சிறுத்தைத் தோலைக் கட்டிக்கொண்டு, கொச்சை ஆங்கிலம் பேசி, எஜமானுக்குக் கதவு உடைப்பதுதான் வேலை. வேதாளன் தலைமுறை தலைமுறையாகக் காட்டை ஆளும் வெள்ளைக்காரன். குள்ள மனிதர்கள் அவனைச் சாவே இல்லாதவன் என்று கும்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளில் நானும் வேதாளன் கட்சிதான், குள்ளர்கள் கட்சி இல்லை. படத்தின் வேலையே அதுதான். உன்னை ஓரத்தில் வரைந்துவிட்டு, நடுவில் நிற்பவனை உன் கையாலேயே கும்பிடவைப்பது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு உடனே வரும். "அந்தக் காலம் அப்படி. இன்னிக்கு இருக்கிற அளவுகோலை வெச்சு அளக்கலாமா?" பெரிய மனிதர்கள், பேராசிரியர்கள் எல்லாம் சொல்கிற மறுப்பு இது. மனுதர்மத்துக்கும் இதையே சொல்வார்கள், பெரிய கோயில் கதவுக்கும் இதையே சொல்வார்கள். 1945இல் நியூயார்க்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். யூத்பில்டர்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள், கறுப்பரும் வெள்ளையருமாய், கேப்டன் மார்வல் ஆசிரியரிடமே நேரில் போனார்கள். ஸ்டீம்போட் படத்தைக் காட்டி, இது எங்களை இழிவு செய்கிறது, நிறுத்து என்றார்கள். பாத்திரம் நிறுத்தப்பட்டது. அவர்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே? அந்தக் காலம் யாருடைய காலம்? இழிவு செய்தவனின் கருத்தை மட்டும் 'காலத்தின் கருத்து' என்று எழுதி, இழிவுபட்டவனின் எதிர்ப்பைக் காலத்திலிருந்தே தள்ளிவைக்கிற வேலையை வரலாறு என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வது?

3

இனி கடையே யார் கையில் இருந்தது என்பதைப் பார்ப்போம். போட்டோவில் தெரிகிற கடைக்காரர் ஒரு சாதாரண மனிதர். எதைத் தொங்கவிடுவது என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. மொத்த விநியோகக்காரன் பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி இறக்கிவிட்டுப் போவான். வேண்டியதும் இருக்கும், வேண்டாததும் இருக்கும். விற்காததைத் திருப்பிக் கொடுத்தால் கழித்துக்கொள்வான். 1957 வரைக்கும் இந்தத் தொழிலில் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி ஒரு ராட்சசன். ரயில் நிலையக் கடைகளைக்கூட அதன் கிளைக் கம்பெனி நடத்தியது. ஆகவே ஒரு புத்தகம் அந்த க்ளிப்பில் தொங்க வேண்டுமானால், எழுத வரைய ஆள் இருந்தால் மட்டும் போதாது. காகிதம் தருகிறவன், அச்சடிக்கிறவன், கட்டுக் கட்டுகிறவன் என்று மூன்று வாசல் தாண்ட வேண்டும்.

1947இல் ஒருவர் தாண்டிப் பார்த்தார். அவர் பெயர் ஓரின் எவன்ஸ். பிலடெல்பியா 'ரெக்கார்ட்' பத்திரிகையில் வேலை செய்த கறுப்புப் பத்திரிகையாளர். வெள்ளையர் நடத்தும் ஒரு பொது நாளேட்டில் எல்லாச் செய்திகளையும் எழுதும் நிருபராக இடம்பிடித்த முன்னோடி. 1947 தொடக்கத்தில் அந்தப் பத்திரிகை மூடப்பட்டது. வேலையிழந்த சகாக்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் ஒரு காமிக்ஸ் கம்பெனி தொடங்கினார். 1947 ஜூன் தேதியோடு 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. 48 பக்கம், 15 சென்ட். எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். ஏஸ் ஹார்லெம் என்ற துப்பறிவாளர் கறுப்பர். ஆப்பிரிக்கக் காட்டில் நடக்கும் கதை ஒன்றும் உண்டு. அதில் லயன் மேன் என்ற நாயகன் வெள்ளை வேதாளன் இல்லை, படித்த கறுப்பு விஞ்ஞானி. ஓரத்தில் ஈட்டியோடு விழுந்து கிடந்தவன் எழுந்து நடுவுக்கு வந்துவிட்டான்.

இரண்டாவது இதழ் வரவில்லை. கதையும் படமும் தயாராக இருந்தன. அச்சடிக்கக் காகிதம் கிடைக்கவில்லை. முன்பு விற்ற வியாபாரி விற்க மறுத்தான், வேறு வியாபாரிகளும் கைவிரித்தார்கள். அதே 1947இல் அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்கள் மாதத்துக்குக் கோடிக்கணக்கில் அச்சாகிக்கொண்டிருந்தன. ஒயிட்வாஷ் ஜோன்ஸை அச்சடிக்கக் காகிதம் இருந்த நாட்டில், ஏஸ் ஹார்லெமுக்கு இல்லை.

தோழர்களே, இதற்கு யாரும் தீ வைக்கவில்லை. யாரும் தடைச் சட்டம் போடவில்லை. 'ஸ்டாக் இல்ல' என்ற ஒரே வார்த்தை போதுமாயிருந்தது. சாதியும் இனவெறியும் எப்போதும் கையில் அரிவாளோடுதான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையைக் காட்டுங்கள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது நாம் கேட்ட 'இப்பத்தான் ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்' என்பதன் உடன்பிறப்பு இது. நம் சிறுபத்திரிகைக் கட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடைக்கு நான் போனதுண்டு. கடைக்காரர் தலைப்பை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "வெச்சுட்டுப் போங்க" என்றார். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் பிரிக்காத கட்டு, கட்டின கயிறோடு மேசைக்கு அடியில் கிடக்கிறது. "போகலைங்க" என்றார். தொங்கவே விடாத புத்தகம் எப்படிப் போகும்?

அந்தக் கால அமெரிக்கக் கடைப் போட்டோக்களை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். அட்டைகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, ஒரு க்ளிப்கூடக் காலியாகத் தெரியவில்லை. இல்லாமல் போன புத்தகத்துக்குப் போட்டோவில் இடம் இருக்காது. இல்லாதது இல்லாததாகவே தெரியாதபடி நிரப்பிவைப்பதுதான் கடையின் வல்லமை.

4

1954க்குப் பிறகு தணிக்கை வந்து பொற்காலத்தைக் கொன்றுவிட்டது என்பது ஏக்கக்காரர்களின் அடுத்த புலம்பல். இதில் வில்லன் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அந்த வருஷம் புத்தகம் எழுதியவர், செனட் விசாரணையில் சாட்சி சொன்னவர். அவர் தன் ஆதாரங்களைத் திரித்தார் என்று கேரல் டில்லி 2012இல் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். அந்தக் குற்றத்திலிருந்து அவரை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் அதே வெர்தாம்தான் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் ஆதரவோடு 1946இல் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஏழைக் கறுப்பர்களுக்கு மனநல மருத்துவமனை திறந்தவர். பிரித்துவைக்கும் பள்ளிக்கூடம் குழந்தையின் மனசை நோகடிக்கிறது என்று டெலாவேர் வழக்கில் சாட்சி சொன்னவர். காட்டுக் கதைக் காமிக்ஸ்களில் கறுத்த தோல் என்றாலே மட்டம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைச் சுட்டிக்காட்டியவர். ஏக்கக்காரர்கள் அவர் திரித்ததை நினைவில் வைத்திருக்கிறார்கள், இதைச் சௌகரியமாய் மறந்துவிடுகிறார்கள்.

பதிப்பாளர்கள் தாங்களே அமைத்த தணிக்கை மன்றமோ இனவெறியைத் தொடவில்லை, அதை எதிர்த்த கதையைத்தான் பிடித்தது. நிறத்தால் பிரிந்து கிடக்கும் ஒரு கிரகத்தை மனிதன் ஒருவன் வந்து சோதிக்கிறான். உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினால் கறுப்பர். 1953இல் வந்த இந்தக் கதையை 1956இல் இ.சி. நிறுவனம் மறுபடி வெளியிடப் போனபோது, விண்வெளி வீரன் கறுப்பனாக இருக்கக் கூடாது என்று மன்றத் தலைவர் அடம் பிடித்தார். பதிப்பாளர் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். அதோடு அந்த நிறுவனத்தின் காமிக்ஸ் வரிசையும் முடிந்தது.

5

கடை கிடைக்காதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ராபர்ட் அபாட் 1905இல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பர் பத்திரிகையைத் தெற்கே விற்கவிடாமல் வெள்ளையர் தடுத்தார்கள். புல்மன் ரயில் பெட்டிகளில் வெள்ளைப் பயணிகளுக்குப் படுக்கை விரித்த கறுப்புத் தொழிலாளிகள் அந்தக் கட்டுகளைச் சுமந்துபோய் ஊர் ஊராய் இறக்கினார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள்.

1957 டிசம்பரில் ஒரு காமிக்ஸ் வந்தது. 16 பக்கம், பத்து சென்ட். ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்ததையும், மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பர்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே ஜெயித்ததையும், மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றிய கதை. அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் எப்படிப் போராடுவது என்ற செய்முறையும் அதில் உண்டு. ஃபெலோஷிப் ஆஃப் ரிகன்சிலியேஷன் என்ற அமைதி அமைப்பு போட்டது. தெருமுனைக் கடையை அது நம்பவில்லை. தேவாலயம், பள்ளி, இயக்கக் கூட்டம் என்று கைக்குக் கை போனது. அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். மண்டை உடையப் போராடி, பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் வாழ்க்கையையே 2013 முதல் 2016 வரை 'மார்ச்' என்று மூன்று காமிக்ஸ் புத்தகங்களாக்கிவிட்டு 2020இல் இறந்தவர். பத்து சென்ட்டுக்கு ஒரு சமத்துவம் உண்டு என்றால் அதை இந்தப் பத்து சென்ட்டில் தேடுங்கள். ஏக்கக்காரர்களின் தொகுப்பில் அதன் போட்டோவை நான் பார்த்ததில்லை.

6

அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். உங்கள் நிலைமையும் எங்கள் நிலைமையும் ஒன்றுபோல் இருக்கிறது, படிப்பது அவசியம் என்ற பொருளில் எழுதினார். பாபாசாகேப் கேட்டது போராட்டத்தின் தாளை. அங்கிருந்து நாம் கேட்டு வாங்க வேண்டியதும் அதுதான். பொற்காலப் போட்டோக்களை நமக்கு யாரும் கேட்காமலே அனுப்பிவிடுவார்கள்.

செல்போனில் இருக்கும் நூறு படத்தையும் அழிக்கச் சொல்லி நான் தம்பியிடம் கேட்கவில்லை. ஓக்லஹோமா தண்ணீர்த் தொட்டியையும் பெல்சோனிப் படிக்கட்டையும் அவற்றோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' அட்டையையும் சேர்க்கச் சொன்னேன். அப்புறம், நம் பத்திரிகையில் இருபது பிரதியைக் கட்டிக் கையில் கொடுத்தேன். "கடையில குடுக்கட்டுமாண்ணே?" என்றார். கடையிலும் கொடு, ஆனா கடையை நம்பிக் கொடுக்காதே என்றேன். ஹாஸ்டலில் கொடு. சேரி நூலகத்தில் கொடு. முடிதிருத்தும் கடை பெஞ்சில் போடு. காகிதத்துக்கு இப்போதே பணம் சேர்த்து வை, அடுத்த இதழுக்கு 'ஸ்டாக் இல்ல' என்று ஒருவன் சொல்லும்போது இன்னொருவனிடம் வாங்குகிற வக்கு நமக்கு இருக்க வேண்டும். எழுத்து நம்மிடம் எப்போதும் இருந்தது. ஓரின் எவன்ஸிடமும் இருந்தது. காகிதத்தையும் கட்டையும் கடையையும் கைப்பற்றாத வரை, எவனோ எடுக்கும் போட்டோவில் நாம் அட்டையின் ஓரத்தில் ஈட்டியோடு விழுந்துதான் கிடப்போம்.